வலப்பக்கம் இழுக்கும் வண்டி

"வண்டி வலப்பக்கமா இழுக்குது. உன்ன மாதிரியே சொன்ன பேச்சு கேக்கல," என்றான் கணவன் காலையில். "அப்ப ரெண்டு பேரையும் பட்டறையில விட்டுட்டு வாங்க," என்று அவளும் சிரித்தாள். இப்போது பட்டறையில் மெக்கானிக் அந்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிளுக்குக் காற்றை அளக்கிறார். பிரேக் பிடிக்கிறதா என்று பின்சக்கரங்களைச் சுழற்றுகிறார். சக்கரங்கள் ஒரே நேராக இருக்கின்றனவா என்று நூல் கட்டிப் பார்க்கிறார். எல்லாம் சரியாகவே இருக்கிறது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துத் திரும்புகிறார். "எனக்கு நேராத்தான் போகுது அண்ணே." கணவன் ஏறி ஓட்டுகிறான், வண்டி வலப்பக்கச் சுவரை நோக்கி ஒதுங்குகிறது. கூட வந்திருந்த அவள் வண்டியைப் பார்க்கவில்லை, வலது கை மட்டும் இழுத்துப் பிடிக்க, கைப்பிடியில் தளர்ந்து கிடக்கும் அவன் இடது கையைப் பார்க்கிறாள். ஒரு வாரமாக அவனுக்குச் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். வண்டி நின்றதும் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சில்லென்றிருக்கிறது. "வண்டி நல்லாத்தாங்க இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."