அமரர் அறுத்த மயில்

இதில் வருவது அத்தனையும் சத்தியம். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொள்ளலாம்.

தான் செத்துப்போன சேதியை அறுவை தெரிந்துகொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைவினைக் கண்காட்சியின் கடைசி வரிசையில், டீ குடித்து வாய் துடைத்த கையோடு.

அங்கிருந்த ஒரு கடையின் நடுவில் அவர் படம். ஓரத்தில் கறுப்பு நாடா, முன்னால் குவளையில் பூ. மேலே பெரிய எழுத்தில், ‘மறைந்த கலைஞரின் கடைசிப் படைப்புகள்’. படத்துக்குப் பக்கத்தில் அவர் மனைவி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் காலையில் கிளம்பியிருந்தாள். அந்தத் தம்பி நல்ல ஆரோக்கியத்தோடு பில் போட்டுக்கொண்டிருந்தான்.

அறுவை என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். தொழிலைப் பார்த்து வைத்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பேச்சைக் கேட்டு வைத்தது என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

தொழில் என்னவோ நுணுக்கமானதுதான். ஸ்க்ரோல் சா மெஷினில் மயிரிழை போன்ற பிளேடு தையல் ஊசி மாதிரி மேலும் கீழும் துள்ளும். ப்ளைவுட்டை அதன் வாயில் கொடுத்துத் திருப்பத் திருப்ப மயிலும் குதிரையும் உதிரும். அவர் அறுத்துப் போடுவார். தூசி அவருக்கு ஆகாது என்று மனைவி அதையெல்லாம் மூட்டை கட்டித் தம்பி வீட்டுக் கொட்டகைக்கு எடுத்துப்போய் உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் அடிப்பாள். விற்பது தம்பி பொறுப்பு.

அவன் வந்து சொல்வது எப்போதும் ஒன்றுதான். “ஒண்ணும் நகரலை மாமா.” கேட்டுக் கேட்டு அவருக்கே தன் கைமேல் நம்பிக்கை போய்விட்டது. மெஷினை மூட்டை கட்டிவிடலாமா என்று ஒரு முடிவுக்கு வரத்தான் இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கண்காட்சிக்கு வந்திருந்தார்.

வந்து பார்த்தால் ஜனம் முண்டியடித்தது. மயிலைக் கொடு, குதிரையைக் கொடு என்று கை நீட்டினார்கள். அந்த மயிலின் தோகையில் கண் கண்ணாக வெளிச்சம் புகுந்து வருவதைப் பார்த்து, என் மயிலா இது என்று அறுவை கழுத்தை நீட்டி இன்னொரு தரம் பார்த்தார். கடைசி மூச்சு வரைக்கும் பிளேடு நிற்கவில்லையாம் என்று ஒரு அம்மாள் இன்னொரு அம்மாளிடம் சொல்ல, அவர் மனைவி அதற்குத் தலையாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றார். “அது நான்தான். நான் சாகலை” என்றார்.

மச்சினன் பில் புத்தகத்தை வைத்துவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான். “மாமாவோட கூடப் பிறந்த அண்ணன். மாமா போன நாள்லேருந்து இப்படித்தான் பேசிக்கிட்டிருக்காரு. முகம் அச்சு அசல், இல்ல?”

கூட்டம் உச்சுக்கொட்டியது. யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்கள். அறுவை மனைவியைப் பார்த்து, நீயாவது சொல்லு என்றார். அவள் நிமிரவில்லை. அவர்கள் குடித்தனத்தில் அவள் பதில் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

கடை ஓரத்தில், ‘அமரர் பயன்படுத்தியது’ என்ற அட்டையோடு, அவர் எப்போதோ கழித்துப்போட்ட பழைய மெஷின் இருந்தது. கழித்துப்போட்ட மெஷினுக்குப் புது பிளேடும் பளபளவென்று எண்ணெயும். அதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. ஸ்விட்சைப் போட்டார், பக்கத்தில் கிடந்த பலகையை வைத்தார், மூச்சை அடக்கிக்கொண்டு மயிலை அறுக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு கவனத்தோடு அவர் ஆயுளில் அறுத்ததில்லை.

அறுத்து முடித்ததும் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் அதை வாங்கி, கடை மயிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்க. உங்க தம்பி கை வேற. வளைவுல ஒரு நிதானம் இருக்கும். உங்களோடது பரவாயில்லை, பழகினா வந்துரும்” என்று தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அவர் இருந்திருந்தால் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார் என்றது கூட்டம். போட்டி முடிந்துவிட்டது. அறுவையை அறுவை தோற்கடித்துவிட்டார்.

மச்சினன் அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார வைத்துவிட்டு வியாபாரத்துக்குத் திரும்பினான். மூட்டைக்குள் ப்ளைவுட் நுனிகள் கூர்கூராகக் குத்தின. கொஞ்ச நேரம் கழித்து மனைவி வந்து எதிரில் நின்றாள்.

கத்த வேண்டும் என்று நினைத்திருந்தார். கெஞ்சலாகத்தான் வந்தது. “உசிரோட இருக்கிறவனைச் சாகடிச்சீங்க, போகட்டும். என் மயிலை வச்சே என்னை மட்டம்னு சொல்றாங்க. அதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே. ரெண்டும் ஒரே கைதான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

அவள் திரையை இழுத்து மூடினாள். பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“கடையில இருக்கிறது அத்தனையும் நான் அறுத்ததுங்க.”