முப்பத்தொன்பதாவது டெஸ்ட்

கீபோர்டை யாரும் தொடவில்லை. ஆனால் திரையில் எழுத்துகள் தாமாக விழுந்தன: 'பத்து நாள் லீவு வேண்டும். ஆபரேஷன்.' பிறகு பட்டனும் தானாக அழுந்தியது.

கவிப்ரியா நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் சிவப்பில் ஒரு வரி வந்தது. பதினோராவது நாளாக அதே சிவப்பு.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் அவள் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. தொழிலாளர்கள் போனில் லீவு கேட்பதற்கு ஒரு வெப்சைட் இருந்தது. அதை ஆள் உட்கார்ந்து சோதிக்காமல், பிரவுசரே தானாகத் திறந்து சோதிக்கும்படி செய்வதுதான் அவளுடைய முதல் வேலை.

பட்டன் வரும்வரை காத்திருப்பது, அழுத்துவது, தப்பானால் படம் பிடித்து வைப்பது எல்லாவற்றையும் முன்பே யாரோ எழுதி வைத்த ஒரு துணை புரோகிராம் பார்த்துக்கொண்டது. மொத்தம் முப்பத்தொன்பது டெஸ்ட். முப்பத்தெட்டு பச்சை, அதாவது பாஸ்.

கடைசி ஒன்றுதான் உயிரை வாங்கியது. தொழிலாளியாக நுழைந்து பத்து நாள் லீவு கேட்க வேண்டும். சூப்பர்வைசராக நுழைந்து 'சரி' கொடுக்க வேண்டும். மறுபடி தொழிலாளியாக நுழைந்தால் 'லீவு உண்டு' என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 'லீவு இல்லை' என்றே இருந்தது.

"ரஷீத் பாய், எங்க தப்பு பண்றேன்னே தெரில. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

ரஷீத் அஹமதுதான் அந்த வெப்சைட்டை எழுதியவர். பக்கத்து மேசை. எதற்குக் கூப்பிட்டாலும் எழுந்து வருகிறவர், இதற்கு மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த ஒண்ண விட்டுடும்மா. முப்பத்தெட்டு போதும்."

மத்தியானம் சாப்பாட்டு ஷெட்டில் அவள் அம்மா சந்திரா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அதே கம்பெனியில் பதினாறு வருடமாகத் தையல் மெஷின். பித்தப்பையில் கல். வேலூரில் ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி வாங்கி, லீவு கிடைக்காமல் இரண்டுமே போய்விட்டது.

"இன்னாம்மா, மறுபடியும் வலியா?"

"வலி இருக்கட்டும். லீவு முடியாதுன்னு இன்னிக்கும் போன்ல வந்துடுச்சு. அந்த சூப்பர்வைசர் வக்கார் கிட்ட நேராவே போய்க் கேட்டேன். 'நான் அப்பவே குடுத்துட்டேனே சந்திராம்மா'ன்றாரு. மூஞ்சிக்கு நேரா பொய்! ஒரு நாள், ரெண்டு நாள் கேட்டா மட்டும் உடனே வருது."

கவிப்ரியாவின் கை சோற்றிலேயே நின்றது. கையைக் கழுவிக்கொண்டு மாடியிலிருந்த தன் மேசைக்கு ஓடினாள்.

டெஸ்ட்டில் பத்து நாள் என்று இருந்ததை ஒன்று என்று மாற்றினாள். பச்சை. இரண்டு, பச்சை. மூன்று, பச்சை. நான்கு, சிவப்பு.

அவளுடைய டெஸ்ட்டில் ஒரு தப்பும் இல்லை. மூன்று நாளுக்கு மேல் கேட்டால், சூப்பர்வைசர் சரி என்றாலும் வெப்சைட் இல்லை என்றது. பதினோரு நாளாகச் சரியாக இருந்ததையே திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். சந்தோஷம் வரவில்லை, அசதிதான் வந்தது.

"பாய், டெஸ்ட் சரிதான். உங்க வெப்சைட்லதான் இன்னாவோ கோளாறு. இதால எங்கம்மா ரெண்டு வாட்டி ஆபரேஷன விட்டுட்டாங்க."

ரஷீத் நிமிர்ந்தார். "உங்கம்மா இங்கயா வேலை செய்றாங்க?"

"தையல் மெஷின்ல. சந்திரா."

அவர் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். இவரிடம் பேசிப் பயனில்லை என்று கவிப்ரியா மேனேஜர் அறைக்குப் போனாள்.

நந்தகோபால் முழுவதையும் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

"சின்னக் கோளாறும்மா. இந்த ஆர்டர் முடியட்டும், பாத்துக்கலாம். இப்போதைக்கு அந்த ஒரு டெஸ்ட்டை எடுத்துடு. ரிப்போர்ட்ல எல்லாம் பச்சையா இருந்தா போதும்."

"சார், எங்கம்மாவுக்கு அடுத்த வாரம் திரும்பவும் தேதி..."

"சொன்னதைச் செய்ம்மா."

அவள் வெளியே போகத் திரும்பியபோது கதவைத் தள்ளிக்கொண்டு ரஷீத் உள்ளே வந்தார்.

"வாங்க பாய்," என்றார் நந்தகோபால் நிம்மதியாக. "இந்தப் பொண்ணுக்கு மனசு வரல. நீங்களே அதை எடுத்துடுங்க."

"எடுத்துட்டேன் சார். இப்பதான்."

கவிப்ரியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு நாள் பட்ட பாடு ஒரு நிமிடத்தில் அழிந்துவிட்டது. அம்மாவிடம் என்ன சொல்வது?

"ரொம்ப நல்லது. இப்ப எல்லாம் பச்சைதானே?"

"எல்லாம் பச்சை சார். முப்பத்தொன்பதும்."

நந்தகோபால் புருவத்தைச் சுருக்கினார். "ஒண்ண எடுத்தா முப்பத்தெட்டுதானே இருக்கணும்?"

ரஷீத் அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் எடுத்தது டெஸ்ட்டை இல்ல சார். மூணு நாளுக்கு மேல கேட்டா லீவு இல்லன்னு போன வருசம் நீங்க எழுதச் சொன்னீங்களே, அந்த வரியை."