இயற்றியவர் தெரியவில்லை

1986, ஜெர்மனியின் வுப்பர்டால் நகரம். மேற்கு ஜாவாவின் சுண்டானியப் பாடல்களை ஆராயும் வேதவல்லி கேசட்டை ஓடவிட்டாள். எதிரே இலங்கையிலிருந்து அகதியாக வந்திருந்த தில்லையம்பலம் கேசட் உறைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“இமாஸ் பாடின இன்னொரு பாட்டு மாடர்ன் அண்ணா, தள்ளிட்டேன். இதுதான் ப்யூர் ட்ரெடிஷன். குரல் எப்படி ஆடி ஆடிப் போகுது பாருங்க! மலை ஆத்துல ஓடம் போற மாதிரி.”

“ஓம் தங்கச்சி. ஆனா எனக்கு வேலைக்குப் போற மாதிரியெல்லோ கிடக்கு.”

“நானூறு வருஷப் பாட்டு அண்ணா இது!” என்று சிரித்தாள் வேதவல்லி.

அப்போது அதைப் பாடிய இமாஸ் உள்ளே வந்தாள். ஓர் உறையை எடுத்துப் படித்தாள்.

“நீங்கள் தள்ளியதுதான் என் குருவின் குரு பாடியது,” என்றாள் ஜெர்மன் மொழியில். “இது போன மாதம் நான் கட்டியது, இந்த ஊர்த் தொங்கு ரயிலில். வளைவுகளில் பெட்டி ஆடுமே, அந்த ஆட்டம்தான். நீங்கள் கேட்கவே இல்லையே.”

தில்லையம்பலம் தினமும் வேலைக்குப் போவது அந்த ரயிலில்தான்.

முந்நூறு உறைகளிலும் ‘பரம்பரைப் பாடல். இயற்றியவர் பெயர் தெரியவில்லை’ என்று அச்சாகியிருந்தது.

இமாஸ் பேனாவை எடுத்தாள். “எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?”