ஆட்டு முகமூடிக்குள்ள யாரு?

மியூசியத்துல இருக்குற பழைய பண்ணை வீட்டுக்குள்ள ஆட்டு முகமூடி மாட்டிக்கிட்டு ஒரு ஆள் வந்து நின்னதும் ஒரே கூச்சல். நார்வேல அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் இப்படித்தான்; அதை இங்க ஊர்க்காரங்க விளையாடிக் காட்டுறாங்க. வந்தது யாருன்னு சரியா சொல்லிட்டா முகமூடியைக் கழட்டணும். சொல்ல முடியலன்னா பலகாரத்தை வாங்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடணும்.

"எல்ட்ரி, நீ சொல்லுடி!" மகளை முன்னாடி தள்ளுனா தூரிட், கட்டுப் போடாத கையால.

எல்ட்ரி அந்த ஆளோட பூட்ஸையே பாத்தா. "பேக்கரி மாமாவா?"

இல்லன்னு ஆடு தலையாட்டுச்சு.

"ஸ்கூல் பஸ் டிரைவர்?"

"அடி மக்கு, அவருக்கு ஏதுடி இவ்ளோ உயரம்?" தூரிட் விழுந்து விழுந்து சிரிச்சா. கை ஒடைஞ்சதுலேர்ந்து அவ சிரிச்சது இன்னிக்குத்தான்.

"அப்ப... பாதிரியார்!"

வீடே சிரிச்சுது. "தோத்துட்டே! பலகாரத்தைக் குடுத்து அனுப்பு."

எல்ட்ரி தட்டை நீட்டுனா. ஆடு எடுக்கல, நகரவும் இல்ல. அவ எக்கி நின்னு, முகமூடிகிட்ட மெதுவா சொன்னா:

"பூட்ஸைப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சுப்பா. அம்மாவுக்குத் தெரியறதுக்குள்ள போயிடு. அவளுக்கு இன்னொரு கையாவது நல்லா இருக்கட்டும்."