நீல மைக்கோடு

"வாயைத் திறடி. நாக்கைக் காட்டு."

ஜினசந்திரன் மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். குணமதியின் கண்கள் அகலமாய் விழித்திருந்தன. பக்கத்தில் திறந்து கிடந்த டிபன் பாக்ஸில் காலையில் வைத்த எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது.

"தூக்கமும் வேணாம், சோறும் வேணாம், மாத்திரை மட்டும் வேணும். ஜாஸ்தியாப் போட்டா அப்புறம் விடவே முடியாதுன்னு வேலூர் டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாருப்பா. அதான் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. அதுக்கு மேல நான் தொட்டதே இல்ல."

"அப்போ புட்டி எப்படிக் கொறையுது? எலி தின்னுதா?"

குணமதிக்கு இருந்தது தூக்க வியாதி. பாடம் நடக்கும்போதே தலை தொங்கிவிடும். ஒருமுறை காலேஜிலிருந்து வரும்போது பஸ்ஸில் தூங்கி, திண்டிவனம் ரோட்டிலிருக்கும் வீட்டைத் தாண்டிக் கீழ்பென்னாத்தூர் போய் இறங்கினாள். சோம்பேறி என்று சொந்தபந்தமெல்லாம் பட்டம் கட்டி முடித்த பிறகுதான் டாக்டர் தூக்கத்தை விரட்டும் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் பசியும் தெரியாது. அதற்கப்புறம் வகுப்பில் அவள்தான் முதல் மார்க்.

"நாளைலேர்ந்து மாத்திரையும் கெடையாது, காலேஜும் கெடையாது" என்றார் அப்பா.

"கொழந்தையைத் திட்டாத சந்திரா. நம்ம வீட்டுப் பொண்ணு பொய் சொல்லாது" என்று குறுக்கே வந்தாள் அவருடைய அக்கா குசுமாவதி.

அத்தை ஜைனர்களின் பத்து நாள் நோன்பில் இருந்தாள். பத்து நாளும் சோறு கிடையாது, பொழுது சாய்வதற்குள் குடிக்கிற வெந்நீர்தான். போன வருஷம் மூன்றாம் நாளே மயங்கி விழுந்து ஊர் சிரிக்க நின்றவள், இந்த வருஷம் நாலாம் நாளும் அத்தனை பித்தளைப் பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்து நியாயம் பேசினாள். தெருப் பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

குணமதி அப்பாவின் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மாத்திரை இருந்த மட்டத்தில் புட்டியின் லேபிள் மேல் நீல மையில் ஒரு கோடு போட்டாள்.

"இன்னிலேர்ந்து நான் ஒண்ணு கூடப் போட மாட்டேன். டாக்டர் எனக்குன்னு எழுதினதையும் போட மாட்டேன். அத்தை நோன்பு முடிக்கற அன்னிக்கு எல்லாரும் வருவாங்க இல்ல, அவங்க முன்னாடியே எடுத்துப் பாருங்க."

"கொறைஞ்சிருந்தா?"

"அப்ப என்னையும் பாருங்க. போட்டா முழிச்சிருப்பேன், போடலன்னா விழுந்துடுவேன். பொய் சொல்ல என் ஒடம்புக்குத் தெரியாது."

அம்மா சந்தனா பதறினாள். "பரீட்சை வருதேடி."

"வரட்டும். செய்யாத தப்பை ஒத்துக்கிட்டு நான் பாஸ் பண்ண வேணாம்."

சொன்னபடியே செய்தாள், பிடிவாதக்காரி. வகுப்பில் தூங்கி விழுந்து வெளியே அனுப்பப்பட்டாள்; வராண்டாவிலும் தூங்கினாள்; எழுந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸ் மட்டும் காலியாகத் திரும்பி வந்தது. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோடி என்று அம்மா கெஞ்சியபோதும் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

நோன்பு முடிகிற நாள் காலையில் கூடம் நிறைய உறவுக்காரர்கள். மணைப்பலகையில் அத்தை கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதிரே வெள்ளிக் கிண்ணத்தில் கஞ்சி. தம்பி கையால் முதல் வாய் வாங்கி அவள் நோன்பை முடிக்க வேண்டும்.

ஜினசந்திரனுக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது. புட்டியை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் உயர்த்திப் பிடித்தார். மாத்திரைகள் நீலக் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தன.

"பாத்தீங்களா எல்லாரும்? சவால் விட்டாளே, எங்க அவ?"

குணமதி தூணில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ அவள் காதருகே தாம்பாளத்தைத் தவறவிட்டார்கள். கூடமே அதிர்ந்தது, அவள் இமைகூட அசையவில்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத சந்தனா, நடுக்கூடத்துக்கு வந்து நின்றாள்.

"புட்டியைப் பாத்தது போதும், பொண்ணைப் பாருங்க. அந்த மாத்திரையைப் போட்டவ இப்படியா தூங்குவா?"

ஜினசந்திரனுக்கு முகம் கறுத்துவிட்டது. புட்டியைத் தரையில் வைத்தார். பெற்ற பெண்ணைச் சபையில் நிறுத்திவிட்டோமே என்ற அவமானத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் முன்னால் உட்கார்ந்து ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து நீட்டினார்.

"மொதல்ல நீ சாப்புடுக்கா. பத்து நாள் பட்டினி."

குசுமாவதி கரண்டியை விலக்கினாள். தம்பியைப் பார்க்காமல் தரையிலிருந்த புட்டியையே பார்த்தபடி சொன்னாள்:

"கஞ்சி வேணாண்டா... அதுல ஒண்ணு குடு."