ஆடிக் கணக்கு

"குறைமாசம்னே எழுதுங்க நர்சம்மா!"

காசம்மாள் போட்ட சத்தத்தில் அந்தச் சின்ன சுகாதார நிலையத்தின் ஜன்னல் கதவே ஆடியது.

நர்ஸ் செல்வகுமாரி அசரவில்லை. இருபது வருஷ சர்வீஸ். ஒரு மணி நேரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"நல்லா பாருங்கம்மா. குதிகால் வரைக்கும் ரேகை ஓடுது. காதை மடிச்சு விட்டா டக்குனு நிமிருது. எடைதான் கொஞ்சம் கம்மி. இது நிறைமாசப் புள்ள. கர்ப்ப அட்டையில எழுதியிருக்கிற தேதிதான் தப்பு."

கட்டிலில் கிடந்த மருமகள் சுகன்யாவின் முகம் வெளுத்துவிட்டது.

காசம்மாளின் நாத்தனார் விஜயராணி விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு சித்திரை மூணு. நெறமாசம்னா ஆடியில தங்குன புள்ள. ஆடி பூரா இவ சோரியாங்குப்பத்துல அம்மா வூட்டுல இல்ல இருந்தா? ஆவணி பாதியிலதான கொண்டாந்து வுட்டாங்க? இவ புருஷன், நம்ம தணிகைவேலு, ஏம்பலத்துல நம்ம வூட்டுல இருந்தான். அப்ப இது இன்னா கணக்கு அண்ணி?"

செல்வகுமாரிக்குச் சுருக்கென்றது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டில் கொண்டு விடுகிற வழக்கம் அவளுக்குத் தெரியாதா என்ன? உண்மையைச் சொல்கிறேன் பேர்வழி என்று ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கே வேட்டு வைத்துவிட்டோமோ!

"எழுதுங்கன்றேன் இல்ல? குறைமாசம்!" காசம்மாள் மறுபடியும் கத்தினாள்.

பெற்றவளும் பிள்ளையும் எப்படிப் போனால் என்ன, இவளுக்குக் குடும்ப மானம்தான் பெரிசு. செல்வகுமாரிக்குக் கோபம் வந்தது.

"குறைமாசம்னு எழுதினா இப்பவே பாண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்க. தாய் ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம். நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கும்மா அது? மாரோட அணைச்சு, நேரத்துக்குப் பால் குடுத்தா தானா தேறிடும். உங்க கௌரவத்துக்காக நான் பொய் எழுத மாட்டேன்."

காசம்மாள் கட்டிலருகே வந்தாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். சுகன்யா கைகூப்பியபடி அழுதுகொண்டிருந்தாள்.

அடித்துவிடப் போகிறாள் என்று செல்வகுமாரி கட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

காசம்மாள் திரும்பியது நாத்தனார் பக்கம்.

"நெறமாசந்தான், போ! ஆடியில எம் புள்ளய சோரியாங்குப்பத்துக்கு அனுப்பி வச்சதே நான்தான். சின்னஞ்சிறுசுங்களப் பிரிச்சு வைக்க மனசு கேக்கல. ஏசறதுன்னா என்னை ஏசு. இப்ப வெளிய வா, புள்ள பால் குடிக்கட்டும்!"

விஜயராணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செல்வகுமாரிக்குத் தான் நினைத்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. குழந்தையைத் தாயின் மார்பில் சாய்த்தாள்.

"குடுத்து வச்சவ நீ. எந்த மாமியார் ஆடியில மகனைக் கூப்பிட்டு அனுப்பி வைப்பாங்க?"

சுகன்யாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தை அனுப்பலக்கா. திட்டுவாங்கன்னு பயந்துதான் அட்டையில எழுதறப்ப தேதிய மாத்திச் சொன்னேன். அவரு வந்து போனதே அத்தைக்குத் தெரியாது!"