குக்கர் வண்டி

"என் குக்கர் எங்கே?"

அடுப்படியிலிருந்து கூடத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள் அவள்.

"இங்கதான் இருக்கு" என்றான் அவள் கணவன், தையல்காரன். "பாப்பாவோட மூணு சக்கர சைக்கிள்ல கட்டியிருக்கேன்."

போச்சுடா! அவள் ஓடி வந்து பார்த்தாள். சைக்கிளுக்குப் பின்னால் அவளுடைய பிரஷர் குக்கர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் லேப்டாப். திரையில் ஏதோ அந்தக் காலத்து விஞ்ஞானப் பத்திரிகை.

"'நீங்களே செய்யலாம் நீராவி வண்டி!' எப்படி? ஞாயித்துக்கிழமை பாப்பாதான் முதல் டிரைவர்!" என்றான் அவன்.

பாப்பா கைதட்டிக் குதித்தது. அவள் பாப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் அம்மாதான் காரணம். நூலகத்தில் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஏற்றுவது அம்மாவின் வேலை. சும்மா இருந்த மனுஷனிடம், "பொழுது போகலைன்னா இதைப் பாருங்க மாப்பிள்ளை" என்று ஆரம்பித்து வைத்ததும் அம்மாதான். அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. போன மாதம் தானாக மூடிக்கொள்ளும் கதவு ஒன்று செய்தான். அது முதல் வேலையாக அம்மாவின் கட்டைவிரலைக் கவ்வியது. நகம் கறுத்தே போனது. அப்போதும் அம்மா, "கதவு பிரமாதமா மூடுது மாப்பிள்ளை!" என்றாளே தவிர, ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை.

இப்போதும் சோபாவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீயாவது சொல்லேன்!"

"ஆசையா செய்றார். செய்யட்டுமேடி."

"நல்லா ஏத்தி விடு! குக்கர் வெடிச்சா உன் பேத்திதான்..." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை முட்டியது.

"ஐயோ, அத்தை!" கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "மறுபடியும் அதே மடையன்! எவ்வளவு பிரஷர்னு போட்டிருக்கிற இடத்துலயே விரலை வெச்சு ஸ்கேன் பண்ணியிருக்கான். ராக்கெட் செருப்புக்கும் இப்படித்தான் பண்ணினான். யாரு அத்தை உங்க ஆபீஸ்ல இந்த அறிவு கெட்டவன்?"

"அடப்பாவமே! நாளைக்கே விசாரிக்கிறேன். சரி, குத்துமதிப்பா ஒரு அளவு வெச்சுப் பாருங்களேன்?"

"குத்துமதிப்பா? நானா?" அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அளவு தெரியாம துணியில கத்திரியே வெக்க மாட்டேன் நான். அளவு இல்லையா, வண்டியும் இல்லை!"

குக்கர் கழன்றது. அதை வாங்கக் குனிந்தவள் கண்ணில் திரை பட்டது. அளவு இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தமாக ஒரு கட்டைவிரல். அதில் கறுத்த நகம்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

அடுப்படிக்கு இழுத்துப் போய், "அம்மா... நீயா?" என்றாள்.

"கத்தாதேடி. மாப்பிள்ளை முகமும் வாடக் கூடாது, குழந்தை முடியும் கருகக் கூடாது. நான் வேற என்னதான் செய்ய?"

அவள் குக்கரைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கூடத்திலிருந்து கூச்சல் வந்தது. "அத்தை! அடுத்த இதழ்ல பறக்கும் நாற்காலியாம்! அளவெல்லாம் நாலு பக்கத்துக்குப் போட்டிருக்காங்களாம்! எப்ப ஏத்துவீங்க?"

அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாலு பக்கமா? நாளைக்கு நீயும் என்கூட ஆபீசுக்கு வாடி. என் பத்து விரல் போதாது!"